நீக்கும் முன் சேமியுங்கள்: கறுப்பினப் பெண்கள் மீதான இணையத் தாக்குதல் – வாசகர் கேள்வி பதில்

கறுப்பினப் பெண்களை இணையத்தில் கூட்டம் சேர்ந்து தாக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலானவை லண்டனிலும் டொராண்டோவிலும் வாழும் வாசகர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒருவருக்காகக் கேட்டவை.

கேள்வி: இணையத்தில் ஏச்சு வாங்காத பெண்ணே கிடையாது. கறுப்பினப் பெண்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பேசுவது ஏன்?
– வாசகர், மதுரை

எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனையும் அமெரிக்காவையும் சேர்ந்த 778 பெண் அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள் 2017இல் ட்விட்டரில் எதை எதிர்கொண்டார்கள் என்று ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் ஆராய்ந்து 2018 டிசம்பரில் வெளியிட்டது. வெள்ளையினப் பெண்களைக் குறிப்பிட்ட ட்வீட்களில் 15க்கு ஒன்று வசையாகவோ வசைக்கு நெருக்கமாகவோ இருந்தது. கறுப்பினப் பெண்களுக்கு அது 10க்கு ஒன்று. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு 1987இல் தேர்வான முதல் கறுப்பினப் பெண் டயான் அபட். 2017 தேர்தலுக்கு முந்தைய ஆறு வாரங்களில் பெண் எம்.பி.க்களுக்கு வந்த வசை ட்வீட்கள் எல்லாவற்றிலும் 45 சதவீதம் அவர் ஒருவருக்கே வந்தன. டோக்கியோ ஒலிம்பிக்கின்போது 161 தடகள வீரர்களின் கணக்குகளை உலகத் தடகள அமைப்பு கண்காணித்தது. பதிவான வசையில் 63 சதவீதம் இரண்டே பேரைக் குறிவைத்தது. இருவரும் கறுப்பினப் பெண்கள்.

வசையின் தன்மையும் வேறு. தோல் நிறம், முடி, உடல், குரங்கு, அடிமைக் காலத்துச் சொற்கள், பாலியல் மிரட்டல் எல்லாம் ஒரே வரியில் பிணைந்து வரும். இதில் எது இனவெறி, எது பெண் வெறுப்பு என்று பிரிக்கவே முடியாது. அதனால்தான் ஆய்வாளர் மோயா பெய்லி 2008இல் இதற்கென்றே ‘மிசோஜினுவார்’ என்ற தனிச் சொல்லை உருவாக்கினார். சட்டம் இப்படிப் பிணைந்த காயத்தை எப்படித் தவறவிடும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1976இல் ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண் தொழிலாளர்கள் போட்ட வழக்கில், இனப் பாகுபாடு என்றோ பாலினப் பாகுபாடு என்றோ கேட்கலாம், இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை அலசித்தான் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல், இப்படிப் பிணைந்த பாகுபாட்டைப் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். சமூக ஊடகத் தளங்களின் இன்றைய ‘ரிப்போர்ட்’ பட்டியல்களும் பெரும்பாலும் ‘ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுங்கள்’ என்றே கேட்கின்றன.

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் தோழி ஜமைக்கா வம்சாவளியைச் சேர்ந்தவர், உள்ளூர் கவுன்சிலரும்கூட. கூட்டத்தில் அவர் பேசியதில் அரை நிமிடத்தை மட்டும் வெட்டி யாரோ பரப்பிவிட, நேற்று இரவிலிருந்து ஆபாசமும் மிரட்டலும் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டுகின்றன. கணக்கையே மூடிவிடப் போகிறேன் என்கிறார். முதலில் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கிழக்கு லண்டன்

இப்போதே மூட வேண்டாம் என்று சொல்லுங்கள். மூடினால் வந்த செய்திகளைத் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம். அவர் விட்ட பெயரை இன்னொருவன் எடுத்துக்கொண்டு அவரைப்போலவே நடிக்கவும் வழி உண்டு. அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அறிவிப்புகளைப் படிக்கும் வேலையை உங்களிடமோ நம்பிக்கையான வேறு ஒருவரிடமோ ஒப்படைப்பது. கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கருவியிலேயே வேலையைச் செய்யுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் வந்ததைச் சேமிப்பது, பிறகு வசை வரும் வழியை அடைப்பது, கடைசியில் தளத்திடம் புகார் செய்வது. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். புகார் ஏற்கப்பட்டால் பதிவு மறைந்துவிடும், கையில் ஆதாரம் இருக்காது. பத்து நாள் கழித்து போலீஸ் கேட்கும்போது, ‘இருந்தது, இப்போது இல்லை’ என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

சேமிக்கும்போது, மிரட்டல் வரியை மட்டும் வெட்டி ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாது. கணக்கின் பெயர், @ குறியோடு வரும் ஹேண்டில், தேதி, நேரம், அது எந்தப் பதிவுக்கான பதில் என்பது, எல்லாம் ஒரே படத்தில் தெரிய வேண்டும். கணினி பிரவுசரில் திறந்து முகவரிப் பட்டையும் தெரியும்படி எடுப்பது மேல். லிங்கைத் தனியாகவும் நகலெடுத்து வையுங்கள். எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் ஹேண்டிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பதிவின் லிங்கில் இருக்கும் நீண்ட எண் மாறாது. அந்த எண் கையில் இருந்தால், பெயரை மாற்றிக்கொண்டு ஒளிபவனையும் பிடித்துவிடலாம். அவன் பதிவையே நீக்கினால்தான் லிங்க் செத்துப்போகும், அதற்காகத்தான் படம். மின்னஞ்சல் மிரட்டலை ‘ஃபார்வர்ட்’ செய்தால் அது வந்த வழியைக் காட்டும் தலைப்புத் தகவல் போய்விடும். ஆகவே மூல மின்னஞ்சலைக் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

பிறகு ஓர் எக்செல் தாள் போதும். வரிசை எண், தேதியும் நேரமும், தளம், ஹேண்டில், லிங்க், ஸ்கிரீன்ஷாட் கோப்பின் பெயர், வகை, புகார் செய்த தேதி, வந்த பதில். ‘வகை’ என்ற கட்டத்தில் மிரட்டல், இனவசை, பாலியல் வசை, முகவரி வெளியீடு என்று குறியுங்கள். ஒரே வரியில் இரண்டு வகை இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். இடம், நேரம், செய்யும் விதம் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சொல்லும் மிரட்டலுக்கும், வீட்டு முகவரியோ பிள்ளையின் பள்ளியோ வரும் பதிவுக்கும் சிவப்பு அடியுங்கள். அவை தாளில் காத்திருக்கக் கூடாது, அன்றே போலீசுக்குப் போக வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 999, இல்லையென்றால் 101. நூற்றுக்கணக்கான வசைகளைப் படிப்பவர் மனமும் கெடும். அதனால் இந்த வேலையை மணிக்கணக்கில் ஒருவரே செய்ய வேண்டாம், இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் செய்யுங்கள்.

அடுத்தது அடைப்பது. எக்ஸில் பதிவு போட்ட பிறகும்கூட யார் பதிலளிக்கலாம் என்பதை ‘நான் பின்தொடர்பவர்கள் மட்டும்’ என்று மாற்றலாம். அறிவிப்பு வடிகட்டியில், தான் பின்தொடராதவர்கள், புதிய கணக்குகள், மின்னஞ்சலையோ தொலைபேசியையோ உறுதி செய்யாத கணக்குகள் இவற்றை அடக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: 2024 நவம்பரிலிருந்து எக்ஸில் ஒருவரை பிளாக் செய்தாலும், உங்கள் பொதுப் பதிவுகளை அவர் பார்க்க முடியும், பதில் எழுதத்தான் முடியாது. பார்க்கவே கூடாது என்றால் கணக்கைப் பூட்ட வேண்டும். இன்ஸ்டாகிராமில் பின்தொடராதவர்கள், அண்மையில் பின்தொடரத் தொடங்கியவர்கள் ஆகியோரின் கருத்துகளையும் செய்திகளையும் சில காலத்துக்குக் கட்டுப்படுத்தும் அமைப்பு இருக்கிறது. ‘மறைக்கப்பட்ட சொற்கள்’ பட்டியலில் எமோஜிகளையும் சேர்க்கலாம். குரங்கு, வாழைப்பழம் இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

கணக்குகளைக் காக்கும்போது மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் அதை வைத்துத்தான் மாற்ற முடியும். இரண்டடுக்குப் பாதுகாப்புக்குக் குறுஞ்செய்தியைவிட, குறியீட்டை ஃபோனிலேயே உருவாக்கித் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலி நல்லது, ஏனென்றால் சிம்மை ஏமாற்றித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். சிம் நிறுவனத்திடம் கணக்குக்குத் தனி பின் எண் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக, அவர் கவுன்சிலர் என்பதால் வீட்டு முகவரி, உறுப்பினர்கள் தங்கள் தொழில், சொத்து விவரங்களைத் தெரிவிக்கும் கவுன்சிலின் நலன்கள் பதிவேட்டில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கக்கூடும். 2011ஆம் ஆண்டு லோக்கலிசம் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வன்முறைக்கோ மிரட்டலுக்கோ ஆளாகும் அபாயம் இருந்தால் அந்த விவரத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்க இடம் தருகிறது. அந்தப் பதிவேட்டைப் பராமரிக்கும் அதிகாரியான கவுன்சிலின் மானிட்டரிங் ஆபீசருக்கு இன்றே எழுதச் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலின், யாரும் விலைக்கு வாங்கக்கூடிய திறந்த பதிப்பிலிருந்தும் பெயரை எடுத்துவிடலாம், அதனால் வாக்குரிமை பாதிக்கப்படாது. கூகுள் தேடலில் முகவரியோ தொலைபேசியோ வந்தால் நீக்கக் கோரலாம். ஆனால் அது தேடல் முடிவை மட்டும்தான் நீக்கும், மூலத் தளத்துக்குத் தனியாக எழுத வேண்டும்.

கேள்வி: குரைக்கிற நாய்க்கெல்லாம் பதில் சொன்னால் ஊர் போய்ச் சேர முடியுமா? கண்டுகொள்ளாமல் இருப்பதுதானே நல்லது?
– வாசகர், திருச்சி

பதில் எழுத வேண்டாம், அதில் உங்களோடு உடன்படுகிறோம். ஆனால் கண்டுகொள்ளாமல் இருப்பது வேறு விஷயம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 தேர்தலில் வாக்கு எண்ணிய ரூபி ஃப்ரீமன், அவர் மகள் ஷே மாஸ் இருவரும் கறுப்பினப் பெண்கள். வாக்கு மோசடி செய்தார்கள் என்று அவர்களைப் பற்றி ஒரு பொய் கிளம்பியது. மிரட்டல் தொலைபேசிக்கும் வீட்டு வாசலுக்கும் வந்தது. ஃப்ரீமன் சுமார் 2 மாதம் தன் வீட்டைவிட்டு வெளியே தங்க நேர்ந்தது. அந்தப் பொய்யைப் பரப்பியவர்களில் ஒருவரான, ட்ரம்பின் வழக்கறிஞராக இருந்த ரூடி ஜூலியானி மீது அவர்கள் தொடுத்த அவதூறு வழக்கில், 2023 டிசம்பரில் நடுவர் குழு 148 மில்லியன் டாலர் இழப்பீடு விதித்தது. பேசாமல் இருந்தாலும், என்ன வந்தது என்பதை ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்திருந்தால்தான் இப்படி ஒரு நாள் கேட்க முடியும்.

கேள்வி: ஆயிரம் பேர் வசைபாடும்போது யாரையென்று புகார் செய்வது?
– வாசகி, டொராண்டோ

ஆயிரம் பேரைத் துரத்தாதீர்கள், தலையைத் தேடுங்கள். பிரிட்டிஷ் இளவரசர் ஹாரியின் மனைவி மேகன் மார்க்கலைக் குறிவைத்து ட்விட்டரில் வந்த வெறுப்பில் சுமார் 70 சதவீதம் வெறும் 83 கணக்குகளிலிருந்து கிளம்பியது என்று பாட் சென்டினல் என்ற ஆய்வுச் சேவை 2021இல் காட்டியது. கறுப்பின நடிகை லெஸ்லி ஜோன்ஸ் மீது 2016 ஜூலையில் இனவெறி வசை பாய்ந்தபோதும், பல லட்சம் பேர் பின்தொடர்ந்த ஒரு கணக்குதான் கூட்டத்தைத் தூண்டிவிட்டது. அந்தக் கணக்குக்கு ட்விட்டர் அப்போது நிரந்தரத் தடை விதித்தது.

மேலே சொன்ன எக்செல் தாளை நேரப்படி அடுக்கிப் பாருங்கள். வசை திடீரென்று ஏறிய மணியைக் கண்டுபிடித்து, அதற்கு அரை மணி முன்னால், வசைக்கு இலக்கான பதிவை யார் மேற்கோள் காட்டிப் பகிர்ந்தார்கள் என்று தேடினால் பெரும்பாலும் மூன்று நான்கு கணக்குகள் அகப்படும். புகாரை அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: குரங்குப் படம் போட்ட கமென்டை ரிப்போர்ட் செய்தேன். ‘விதிமீறல் இல்லை’ என்று பதில் வந்தது. எப்படி?
– வாசகர், பாரிஸ்

தனியாகப் பார்த்தால் குரங்கு எமோஜி ஒரு விலங்கின் படம்தான். இயந்திரமும், சில நொடிகளில் முடிவெடுக்கும் பணியாளரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். 2021 யூரோ கால்பந்து இறுதிப் போட்டிக்குப் பின் இங்கிலாந்தின் கறுப்பின வீரர்களுக்கு இத்தகைய எமோஜிகள் குவிந்தபோது, அவற்றில் சிலவற்றை ‘தீங்கற்றவை’ என்று தவறாகக் குறித்துவிட்டதாக இன்ஸ்டாகிராம் தலைவரே ஒப்புக்கொண்டார்.

எதிர்ப்பக்கமும் கேடாக இருக்கிறது. கறுப்பின அமெரிக்கர்களின் ஆங்கில நடையில் எழுதிய ட்வீட்களை ‘புண்படுத்துபவை’ என்று இயந்திரங்கள் இரு மடங்கு வரை அதிகமாக முத்திரை குத்துகின்றன என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வசைக்குப் பதிலடி கொடுக்கும் கறுப்பினப் பெண்ணின் கணக்கே முதலில் முடங்கும் அபாயம் இதிலிருந்துதான் வருகிறது. கோபத்தில் எதையும் எழுத வேண்டாம் என்று நாம் சொல்வதற்கு இது ஒரு காரணம். நியாயமான காரணம் என்று சொல்ல மனம் வரவில்லை.

புகாரில் விளக்கம் எழுத இடம் இருந்தால் சூழலை இரண்டு வரியில் சொல்லுங்கள்: ‘படத்தில் இருப்பவர் கறுப்பினப் பெண். அவருடைய புகைப்படத்துக்குக் கீழே இந்த எமோஜி இனவசையாக இடப்பட்டுள்ளது. இதே கணக்கு இன்னும் நான்கு கறுப்பினப் பெண்களுக்கு இதையே இட்டிருக்கிறது.’ கமென்டை மட்டும் புகார் செய்யாமல் கணக்கையும் தனியாகப் புகார் செய்யுங்கள். காரணப் பட்டியலில் ‘எனக்குப் பிடிக்கவில்லை’, ‘ஸ்பேம்’ இவற்றைத் தொடாதீர்கள். கொலை, வன்முறை மிரட்டல் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் இனவெறுப்பு. நூறு பேரை ஒரே வாசகத்தை ஒட்டி ரிப்போர்ட் செய்யச் சொல்வதைவிட, சூழலை விளக்கும் ஒரு நல்ல புகாருக்கு மதிப்பு அதிகம்.

நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதால் டிஜிட்டல் சேவைகள் சட்டம் உங்களுக்குத் துணை. தளம் தன் முடிவுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். முடிவு வந்த நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் உள்முறையீட்டுக்கு வழி திறந்திருக்க வேண்டும். அதற்குப் பின் சான்று பெற்ற வெளித் தீர்வு அமைப்பு ஒன்றிடமும் போகலாம். பிரிட்டனில் அப்படி இல்லை. 2023ஆம் ஆண்டு ஆன்லைன் பாதுகாப்புச் சட்டப்படி தளங்களுக்கு 18 மில்லியன் பவுண்ட் அல்லது உலக வருவாயில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை, தகவல்தொடர்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் அபராதம் போடலாம். ஆனால் தனிநபர் புகார்களை ஒவ்வொன்றாக அது தீர்த்துவைக்காது.

கேள்வி: போலீசுக்குப் போனால் பலன் உண்டா?
– வாசகர், கிராய்டன்

மிரட்டல் என்றால் உண்டு. பிரிட்டனில் ஆன்லைன் பாதுகாப்புச் சட்டத்தின் 181ஆம் பிரிவு, கொலை, பாலியல் வன்முறை, கடுமையான காயம் ஆகியவற்றை மிரட்டலாக அனுப்புவதை 5 ஆண்டு வரை சிறை தரக்கூடிய குற்றமாக்கியிருக்கிறது. 2024 ஜனவரி 31 முதல் நடைமுறையில் உள்ளது. புகார் கொடுக்கும்போது ‘இது இனவெறுப்புக் குற்றம் என்று கருதுகிறேன்’ என்று சொல்லி, அப்படியே பதிவு செய்யச் சொல்லுங்கள். குற்ற எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். ‘ட்ரூ விஷன்’ என்ற காவல்துறைத் தளம் வழியாகவும் பதியலாம்.

வழக்கு சறுக்கும் இடம் வேறு. 1997ஆம் ஆண்டு துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்கு ஒரே ஆள் குறைந்தது இரண்டு முறையாவது செய்திருக்க வேண்டும். கூட்டத் தாக்குதலில் ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார்கள். பெறுகிறவருக்கு அது ஆயிரம் அடி, சட்டத்தின் கண்ணில் ஆளுக்கு ஒன்று. இதற்காகவும்தான் திரும்பத் திரும்ப வரும் ஹேண்டில்களைத் தாளில் தனியாகக் குறிக்கச் சொல்கிறோம்.

அமெரிக்காவில் பாதை இன்னும் குறுகல். வெர்மான்ட் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் கியா மோரிஸ் இனவெறித் தொல்லை தாங்காமல் 2018இல் பதவி விலகினார். தொல்லை கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது, பேச்சுரிமை குறுக்கே நிற்கிறது என்று 2019 ஜனவரியில் மாநில அட்டர்னி ஜெனரல் அறிவித்தார். 2023இல் உச்ச நீதிமன்றம், தன் சொல் மிரட்டலாகப் படக்கூடும் என்று தெரிந்தும் அலட்சியமாக அனுப்பினான் என்று காட்டியாக வேண்டும் என்றது.

அங்கே சிவில் வழக்கு சில நேரம் கைகொடுக்கிறது. வாஷிங்டனில் உள்ள ‘அமெரிக்கன் பல்கலைக்கழக’ மாணவர் அமைப்பின் தலைவராகத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் டெய்லர் டம்ப்சன். 2017 மே 1 அன்று அவர் பதவியேற்ற நாளிலேயே வளாகத்தில் தூக்குக் கயிற்றில் வாழைப்பழங்கள் தொங்கின. நியோ நாஜித் தளம் ஒன்று அவருடைய பெயரைப் போட்டுக் கூட்டத்தை ஏவிவிட்டது. பயத்தில் வளாகத்தைப் பயன்படுத்தவே முடியாமல் போனது, அது பொது இடத்தைச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையைப் பறித்தது என்ற கோணத்தில் அவருடைய வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். 2019 ஆகஸ்ட்டில் 7 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தீர்ப்பானது. ‘எத்தனை வசை வந்தது’ என்ற பட்டியலோடு, ‘அதனால் எந்த வகுப்புக்குப் போகவில்லை, எந்த வேலையை விட்டேன், எந்த மருத்துவரைப் பார்த்தேன்’ என்ற பட்டியலும் தேவை என்பதை இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கறுப்பினப் பெண் என்று சொல்லிக்கொண்டு விஷமமாக எழுதும் கணக்குகள் பொய்யா, மெய்யா என்று எப்படித் தெரியும்?
– வாசகி, சென்னை

2014இல் ‘தந்தையர் தினத்தை ஒழிப்போம்’ என்று கறுப்பினப் பெண்ணியவாதிகள் பெயரில் ஒரு ஹேஷ்டேக் கிளம்பியது. எழுதியவர்கள் ஃபோர்சான் என்ற தளத்திலிருந்து வந்த போலிகள். கண்டுபிடித்தவர் ஷஃபீக்கா ஹட்சன் என்ற கறுப்பினப் பெண். அவருக்கு உதவ எந்த நிறுவனமும் இல்லை. ‘யுவர் ஸ்லிப் இஸ் ஷோயிங்’ என்ற ஹேஷ்டேக்கைத் தொடங்கினார். உள்பாவாடை எட்டிப் பார்க்கிறது என்பது அதன் பொருள், வேஷம் வெளுத்துவிட்டது என்பது குறிப்பு. போலிகளை ஒவ்வொன்றாக அந்த ஹேஷ்டேக்கில் மாட்டிவைத்தார், மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஹட்சன் 2024இல் காலமானார். பெரிய தேர்தல்களில் போலிக் கணக்குகள் பற்றி உலகம் பேசத் தொடங்குவதற்கு முன்பே செய்த வேலை இது. அப்போது அதற்கு உரிய மதிப்பைத் தளம் கொடுக்கவில்லை என்பது வருத்தம்.

போலிகளைக் காட்டிக்கொடுத்தது மொழிதான். அந்த நடையைக் கேட்டு வளராதவர் அதைப் போலி செய்தால் இலக்கணம் இடறும். வெளியாளான நாம் அதை நம்பிக்கையோடு கணிக்க முடியாது. நாம் பார்க்கக்கூடியவை: கணக்கு தொடங்கிய தேதி, முகப்புப் படத்தைத் தலைகீழ்த் தேடலில் போட்டால் வேறு யாருடைய படம் என்பது, பழைய பதிவுகளில் வேறு பெயர், வேறு பேச்சு இருக்கிறதா என்பது. சந்தேகம் தீரும்வரை பகிராதீர்கள், கண்டிப்பதற்காகக்கூட.

கேள்வி: செய்பவர்களின் பெயரை வெளியிட்டு அவமானப்படுத்தினால் என்ன?
– வாசகர், கோவை

ஆளை மாற்றிப் பிடித்தால் அதற்கு மருந்து இல்லை. பிரேசிலில் 2015இல் வானிலைத் தொகுப்பாளர் மஜூ கொடின்யோ மீது ஃபேஸ்புக்கில் இனவசை குவிந்தது. கறுப்பினப் பெண்கள் அமைப்பான கிரியோலா அந்த வகை வசைகளை எழுதியவர்களின் ஊரிலேயே பெரிய விளம்பரப் பலகைகளில் அச்சிட்டு நிறுத்தியது, பெயரையும் முகத்தையும் மறைத்து. ஊர் பார்த்தது, தவறான ஆள் மாட்டவும் இல்லை.

கேள்வி: ஈழத் தமிழர்களுக்கான யூடியூப் சேனல் ஒன்றின் கமென்டுகளை நிர்வகிக்கிறேன். கறுப்பினப் பெண் ஒருவரின் பேட்டி போட்டோம். ஆங்கிலத்தில் வசை வரவில்லை, தமிழில் வந்தது. தளம் எதையும் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், ஸ்கார்பரோ

தளம் பிடிக்கும் என்று காத்திருக்க வேண்டாம். ‘காப்பிலி’, ‘கறுவல்’ போன்று கறுப்பினத்தவரைக் குறிக்கும் சொற்களை நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகிறோம். அவை யாரைக் குத்துகின்றன என்று ஆங்கில வடிகட்டிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

யூடியூப் ஸ்டூடியோவின் அமைப்புகளில் தடுக்கும் சொற்களுக்கான பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள சொல் வரும் கமென்ட் உடனே வெளியாகாது, உங்கள் பார்வைக்குக் காத்திருக்கும். தமிழுக்கு ஒரு சிக்கல்: சொல் விகுதி ஏற்றால் உருவம் மாறிவிடும். ‘காப்பிலி’ என்று மட்டும் போட்டுவிட்டு ‘காப்பிலிக்கு’, ‘காப்பிலியின்’, ‘காப்பிலிகள்’, ‘காப்பிலிச்சி’ ஆகியவையும் மாட்டும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு வடிவத்தையும் தனியாகச் சேருங்கள். ‘கறுவல்’, ‘கருவல்’ என்று றகர ரகரம் இரண்டிலும் போடுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்பவர்கள் ஒரே சொல்லை நான்கைந்து விதமாக எழுதுவார்கள், அந்த வடிவங்களும் தேவை. ‘கறுப்பு’ என்ற சொல்லை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். நல்ல கமென்டில் பாதி அதில் மாட்டிக்கொள்ளும், நாலு நாளில் சலித்துப்போய்ப் பட்டியலையே எடுத்துவிடுவீர்கள்.

பேட்டி கொடுத்தவரிடம் வீடியோ வெளியாகும் நேரத்தை முன்பே சொல்லுங்கள். முதல் 48 மணி நேரம் எல்லாக் கமென்டுகளையும் பார்வைக்கு நிறுத்தி, தமிழ் படிக்கத் தெரிந்த இருவர் முறை வைத்துப் பாருங்கள். தமிழில் என்ன எழுதினார்கள் என்று அவர் கேட்டால் மழுப்ப வேண்டாம், தெரிந்துகொள்ள விரும்புகிறாரா என்று ஒருமுறை கேட்டுவிட்டு உள்ளபடி மொழிபெயர்த்துக் கொடுங்கள். மிரட்டல் இருந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள். அந்த மொழிபெயர்ப்பும் மூலமும் அருகருகே இருக்கும் தாளைத்தான் அவர் போலீசிடம் கொண்டுபோக வேண்டியிருக்கும்.